காதால் வைத்த டைமிங்

பிப்ரவரி 9

ஜெனரேட்டர் ரூம் துரை அவர்களுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் மட்டும் பதில் சொல்லிவிடப் போகிறீர்களா?

முதலில் சித்தப்பா சமாச்சாரம். கடிதங்களை ஆபீஸில் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கையில் தருகிறார்கள் என்று சொன்னீர்கள். படிக்கிற புண்ணியவானே, சித்தப்பா என்றால் எங்கள் கார். இவருடைய சித்தப்பா ஓட்டி ஓட்டி அலுத்துப்போய் எங்கள் கல்யாணத்துக்குத் தள்ளிவிட்ட பழைய வண்டி. மனுஷர் இல்லை. மேற்கொண்டு படிக்கலாம்.

நீங்கள் கிளம்பிய அன்று காலையில் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, பிளக்கில் பொறி விழும் நேரம் பார்த்து டைமிங் வைத்தீர்களே, அன்றிலிருந்து சித்தப்பாவுக்கு உடம்பு சரியில்லை. சமதரையில் ஒன்றும் தெரிவதில்லை. சீருடைத் துணி மூட்டைகளைப் பின்சீட்டில் அடைத்துக்கொண்டு பாலத்து மேட்டில் ஏறும்போதுதான் வருகிறது, தகர டப்பாவில் குண்டூசிகளைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். சூடு காட்டும் முள் மேலே மேலே போகிறது. தையல் கூடத்து வாசலில் நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் உதைக்கிறது. என்ன செய்யட்டும் என்று எழுதுங்கள்.

இரண்டாவது, டெலிபோன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பூத் வாசலில் வரிசையில் நிற்கிறேன். "டூட்டில இருக்காரும்மா" என்கிறார் உங்கள் குமாஸ்தா. போன ஞாயிறு அதிசயமாக வந்தீர்கள். "என்ன சாப்ட்டீங்க?" என்று கேட்டேன். "சரி சரி, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். என்னத்தைப் பார்த்துக்கொள்வது? பின்னால் நின்றவர்கள் முன்னால் எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

கிளம்பும்போது நான் கத்தினேன், ஒத்துக்கொள்கிறேன். இந்த வருஷத்தோடு வந்துவிடுகிறேன் என்று சொன்ன மனுஷன் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் இன்னொரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால் கத்தாமல் கொஞ்சவா முடியும்? ஆனால் நான் அத்தனை கத்தியும் நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தீர்கள். அதுதான் இன்னும் ஆறவில்லை.

உங்களிடம் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. எழுத மாட்டேன். காதோடுதான் சொல்வேன். வருகிற ஞாயிறு பதினோரு மணிக்குப் போன் பக்கத்தில் இருங்கள்.

வாயாடி

*

பிப்ரவரி 21

வாயாடிக்கு,

கடிதம் கிடைத்தது. ஞாயிறு என்னால் வர முடியவில்லை, ஷிப்ட் மாறிவிட்டது. இங்கே போன் இருக்கும் அறை ஜெனரேட்டர் கொட்டகைக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. யார் பேசினாலும் கரகரவென்றுதான் இருக்கும். எதுவாக இருந்தாலும் எழுது. நீதான் நன்றாக எழுதுகிறாயே.

வண்டிக்கு ஒன்றும் இல்லை. பெட்ரோல் சரியில்லை. வேறு பங்கில் போடு. பிளக் நாலையும் கழற்றிச் சுத்தம் செய், முடிந்தால் புதிதாக மாற்று. டைமிங்கைக் குறை சொல்லாதே. நான் காதால் வைத்த டைமிங் என்றைக்குத் தப்பியிருக்கிறது? இன்ஜினை ஓடவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் நட்டைத் தளர்த்தி, ஒரு மயிரிழை திருப்பினால் சத்தம் ஏறும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் இன்னும் ஏறும். எங்கே உருண்டு திரண்டு ஒரே சீராக ஓடுகிறதோ அதிலிருந்து ஒரு பிசிறு பின்னால் கொண்டுவந்து, மேட்டில் ஏற்றிப் பார்த்து, நீ சொல்கிற குண்டூசிச் சத்தம் மாதிரி நாக் அடிக்கவில்லை என்றால் நட்டை இறுக்க வேண்டியதுதான். பல்பை வைத்து டைமிங் பார்ப்பதெல்லாம் காது இல்லாதவன் செய்கிற வேலை.

தெருமுனை மெக்கானிக் யாரையும் தொடவிடாதே. ஒன்பது வருஷத்தில் அந்த டிஸ்ட்ரிபியூட்டரில் வேறு கை பட்டதில்லை.

கையெழுத்துப் போட்ட விஷயத்தை விடு. போட்டாயிற்று.

உன்
துரை

*

மார்ச் 8

துரைக்கு,

பெட்ரோல் பங்கை மாற்றினேன். பிளக் நாலும் புதுசு. சித்தப்பா அதே குண்டூசி டப்பாதான். வியாழக்கிழமை பாலத்து மேட்டில் பாதியில் நின்றுவிட்டார். பின்னால் வந்த லாரிக்காரன் என் பரம்பரையையே இழுத்துப் பேசினான். வேறு வழியில்லாமல் தள்ளிக்கொண்டுபோய்ப் பாலத்தடியில் ஷெட் வைத்திருக்கிறாரே, கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பவர், அவரிடம் காட்டினேன்.

துப்பாக்கி மாதிரி ஒரு லைட்டை எடுத்து இன்ஜின் மேல் அடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, "யாரும்மா இதுக்கு டைமிங் வெச்சது? பத்து டிகிரி தூக்கலா இருக்கே. பிஸ்டன் ஓட்டை விழுந்துடும்" என்றார்.

"எங்க வீட்டுக்காரர். அவர் காதாலயே வெப்பார்" என்றேன், பெருமையாகத்தான்.

"எந்தக் காதால?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். ஸ்பேனரை எடுத்தவரைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மூட்டைகளை அங்கேயே இறக்கிவைத்து, காலி வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் நிறுத்திச் சாவியை எடுக்கும்போதுதான் அவர் கேட்டது உறைத்தது.

அன்று காலையில் டைமிங் வைத்த கையோடு என்னையும் உட்கார வைத்து மேட்டில் ஏற்றிக் காட்டினீர்கள். அப்போதே அந்தச் சத்தம் இருந்தது. நன்றாகவே இருந்தது. நீங்கள் ஸ்டியரிங்கைத் தட்டி, "கேளு, எவ்ளோ அமைதியா ஏறுது பாரு" என்றீர்கள். முந்தின நாள் சண்டை போட்டிருந்தோமே, என்னைக் குத்திக் காட்டத்தான் அப்படிச் சொல்கிறீர்கள் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. ரேடியோவை அத்தனை சத்தமாக வைத்தது. மாடியிலிருந்து நான் கூப்பிடக் கூப்பிடத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டே இருந்தது. நான் பேசும்போதெல்லாம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆசையாகப் பார்க்கிறீர்கள் என்று நினைத்தேனே, நான் ஒரு மக்கு.

பூசி மெழுகாமல் ஒரு பதில் சொல்லுங்கள். உங்களுக்குக் காது கேட்கிறதா?

வாயாடி

*

மார்ச் 19

உனக்கு நாக்கு நீளம் என்று தெரியும். இவ்வளவு நீளம் என்று தெரியாது. எவனோ ஒரு ஷெட்காரன் சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு எனக்கு எழுதுவாயா? இந்தக் கடிதம் எந்த மேஜை வழியாக என் கைக்கு வருகிறது என்று தெரிந்தும் எழுதுவாயா? நல்ல வேளை, பிரிக்கிறவர் லீவில் இருந்தார்.

இனி அதைப் பற்றி ஒரு எழுத்து எழுதாதே. இதைப் படித்ததும் எரித்துவிடு.

*

ஏப்ரல் 2

என்னங்க,

எரித்துவிட்டேன். எரித்துவிடு என்று நீங்கள் எழுதியதிலேயே எனக்குப் பதில் வந்துவிட்டது. இனி அதைப் பற்றி எழுத மாட்டேன்.

காதோடு சொல்வேன் என்று பிடிவாதம் பிடித்த விஷயத்தை இப்போது எழுதத்தான் வேண்டியிருக்கிறது. போன இரண்டு மாதமாக இதற்காகத்தான் அந்தப் பூத்தில் ஒற்றைக் காலில் நின்றேன். நீங்கள் "ஆ?" என்று ஒரு சத்தம் போடுவீர்கள், அதைக் கேட்க வேண்டும் என்று ஆசை.

ஒன்பது வருஷம் கழித்து நமக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது. செப்டம்பர் என்று சொல்கிறார்கள். கையெழுத்துப் போட்டதற்காக நான் கத்தினேனே, அன்றைக்கே வயிற்றில் இருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

ஆபீஸில் இதைப் படிக்கிறவரே, தயவுசெய்து அவரிடம் வாயால் சொல்லிவிடாதீர்கள். அவரே படிக்கட்டும்.

வாயாடி

*

ஏப்ரல் 28

என் வாயாடிக்கு,

இதை மெஸ் சமையல்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன். லீவில் அந்தப் பக்கம்தான் வருகிறார். நம்பகமான ஆள், இதை யாரும் பிரிக்க மாட்டார்கள். அவர் திரும்பி வரும்போது நீயும் மனம்விட்டு எழுதிக் கொடு.

உன் கடிதத்தைக் கொட்டகைக்குப் பின்னால் போய்ப் படித்தேன். மறுபடி முதலிலிருந்து படித்தேன். ஏதோ சத்தம் போட்டிருக்கிறேன். மெதுவாகத்தான் சொன்னேன் என்று நினைத்தேன். மெஸ்ஸிலிருந்து சமையல்காரர் கரண்டியோடு ஓடி வந்து, "யாருக்கு என்னய்யா ஆச்சு?" என்று கேட்டார். அவர் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

ஆமாம். நீ கேட்டது உண்மைதான்.

இடது காது போய் இரண்டு வருஷம் ஆகிறது. வலது காதில் கனமான சத்தம் மட்டும் விழுகிறது. மெஷினின் உறுமல், லாரி, இடி. மெல்லிசான சத்தம் எதுவும் இல்லை. குருவி இல்லை. போன் மணி இல்லை. உன் குரல் வருகிறது, வார்த்தை வருவதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுகிற மாதிரி இருக்கிறது. அதனால்தான் போனுக்கு வருவதில்லை. நேரில் என்றால் வாயைப் பார்த்து ஒப்பேற்றிவிடுவேன். போனில் எதைப் பார்ப்பது?

டைமிங் தப்பியதும் இதனால்தான். இன்ஜின் சுற்று ஏறுவது எனக்குக் கேட்கிறது, அது கனமான சத்தம். நாக் அடிப்பது கேட்கவில்லை, அது மெல்லிசு. ஏற ஏற நன்றாகத்தானே இருக்கிறது என்று திருப்பிக்கொண்டே போயிருக்கிறேன். மேட்டில் என் காதில் விழுந்தது வெறும் உறுமல்தான். உன்னைக் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே அமைதியாக இருந்தது எனக்கு.

லீவுக்கு வருவதற்கு முன்னால் ஒரு காது டாக்டரைப் பார்த்தேன். "இந்தச் சத்தத்தை விட்டு வெளிய வந்தா இருக்கறது தங்கும். உள்ளேயே நின்னா இதுவும் போயிடும்" என்று சொன்னார். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். பயத்தில் போட்டேன். காது கேட்காதவனை வெளியே எவன் வேலைக்கு வைப்பான்? இங்கே என்றால் மெஷின்மேல் கை வைத்தே எல்லாம் சொல்லிவிடுவேன், யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

நீ என்னைச் செவிடன் என்று பார்க்கப் போகிற பார்வையை நினைத்தால்தான் ஊருக்கு வரக் கால் எழவில்லை.

உன்
துரை

*

மே 17

என்னங்க,

சமையல்காரர் நாளைக் காலை கிளம்புகிறாராம். நான் எழுதி முடித்துக் கொடுக்கும்வரை போக மாட்டேன் என்று வாசலில் உட்கார்ந்திருக்கிறார்.

முதலில் அழுதேன். பிறகு கோபம் வந்தது. இரண்டு வருஷம் என்னிடம் மறைத்து என் காதில் பூச் சுற்றியிருக்கிறீர்கள். பிறகு கோபமும் போய், எழுந்து கண்ணாடிக்காரர் ஷெட்டுக்குப் போனேன். "அண்ணே, அந்த லைட்டை ஒரு நாளைக்குக் கொடுங்க" என்றேன். நானே செய்து தருகிறேன் என்றார். "வேற கை படக் கூடாதுன்னு அவர் சொல்லியிருக்கார். என் கை வேற கை இல்லையே" என்றேன். மனுஷர் லைட்டையும் கொடுத்து, சிகரெட் அட்டையில் படம் போட்டும் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை நம் வாசலிலேயே வைத்துக்கொண்டேன். தலைமுடியை இழுத்துக் கட்டி, மண்ணெண்ணெய்த் துணியால் இன்ஜின் முன்னாலிருக்கும் புல்லிச் சக்கரத்தைத் துடைத்தால் ஒரு கீறல் தெரிந்தது. அதுதான் குறி. அதில் என் தையல் சுண்ணக்கட்டியைத் தேய்த்து வெள்ளையாக்கினேன். டிஸ்ட்ரிபியூட்டருக்கு வருகிற ரப்பர் குழாயைப் பிடுங்கி அதன் வாயில் பென்சில் துண்டைச் செருகினேன். லைட்டின் கவ்வியை முதல் பிளக் ஒயரில் மாட்டினேன். ஆக்சிலரேட்டர் மிதிக்கத் துணைக்குப் பொத்தான் அக்காவைக் கூப்பிட்டிருந்தேன். எங்கள் கூடத்தில் பொத்தான் தைக்கிறவர், வண்டி என்றாலே நடுங்குவார். நட்டு எட்டவில்லை. முன்னால் வயிறு இடிக்கிறது. உள்ளே இருப்பவர் அதற்கு ஒரு உதை விடுகிறார்.

லைட்டை அடித்தேன். அவ்வளவு வேகமாகச் சுற்றுகிற புல்லி, லைட் பட்டதும் அப்படியே நிற்கிற மாதிரி தெரிகிறது. சுண்ணக்கட்டிக் கோடு இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி எங்கோ மேலே இருந்தது. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினேன். தப்புப் பக்கம். இன்னும் மேலே ஓடியது. பதறிப்போய் மறுபக்கம் ஒரேயடியாகத் திருப்பிவிட்டேன். சைலன்சரில் ஒரு வெடி வெடித்து சித்தப்பா நின்றார். பொத்தான் அக்கா கதவைத் திறந்துகொண்டு தெருமுனைவரை ஓடிவிட்டார். திரும்பக் கூட்டிவருவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

இரண்டாவது தடவை ஒரு மயிரிழை, ஒரு மயிரிழையாக நகர்த்தி, கோட்டை அது நிற்க வேண்டிய இடத்துக்கு நேராகக் கொண்டுவந்து இறுக்கினேன். மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பாலத்து மேட்டுக்குப் போனேன். ஒரு சத்தம் இல்லை. மேட்டு உச்சியில் ஓரமாக நிறுத்திவிட்டு வாய்விட்டு அழுதேன். வண்டி நன்றாக ஓடுகிறது என்று அழுதவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அன்று நீங்கள் கேட்டதாகச் சொன்ன அமைதி இது இல்லை. அது உங்களைத் தனியாகப் பிடித்துவைத்திருந்த அமைதி. எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று மனசு அடித்துக்கொண்டது.

இதற்குக் காதே வேண்டியதில்லை, கேட்டீர்களா? கண்ணும் கையும் போதும். கண்ணாடிக்காரரிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன், திட்டாதீர்கள். "கையில தொழில் இருக்கறவருக்குக் காது எதுக்கும்மா? வரச் சொல்லுங்க, நானும் தனியாத்தான் கிடந்து மல்லாடறேன்" என்றார்.

எனக்கு வேறு எதுவும் வேண்டாம். டாக்டர் சொன்னதை யோசித்துப் பாருங்கள். இப்போது வந்தால் இருப்பது தங்கும். பிள்ளை அழுகிற சத்தம் உங்கள் வலது காதில் விழும். வார்த்தையா பேசப் போகிறது, வாய் பார்த்துப் புரிந்துகொள்ள? வெறும் சத்தம்தானே, அது போதும். அது பிறக்கும்போது நீங்கள் பக்கத்தில் நின்று அதைக் கேட்க வேண்டும். சீக்கிரம் வந்துவிடுங்கள்.

பார்வையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஒன்பது வருஷமாக எந்தக் கண்ணால் பார்த்தேனோ அதே கண்தான் இருக்கிறது, வேறு வாங்கவில்லை.

வாயாடி

*

ஜூன் 6

அன்புள்ள வாயாடிக்கு,

இதையும் சமையல்காரரிடமே கொடுத்து, வெளியே தபாலில் போடச் சொல்கிறேன். டைமிங் வைத்த கதையைப் படித்தேன். குழாயைப் பிடுங்கி அடைத்தாயே, அது எத்தனை பேருக்குத் தெரியும்? சரியாகச் செய்திருக்கிறாய். மறுபடி மாட்டினாயா?

மறைக்காமல் சொல்கிறேன், படித்ததும் கொஞ்சம் வலித்தது. என் காதை நம்பி ஓடிய வண்டி. இப்போது சுண்ணக்கட்டியை நம்பி ஓடுகிறது. நல்லதுதான்.

வரச் சொல்கிறாய். தினமும் அதையேதான் யோசிக்கிறேன். ஆனால் முன்பு நாம் இரண்டு பேர். நீ தைத்தாய், நான் எதையாவது செய்தேன், ஓடிவிட்டது. இப்போது மூன்றாவதாக ஒரு ஆள் வருகிறது. இப்போது போய் வேலையை விட்டுவிட்டு, கண்ணாடிக்காரர் ஷெட்டில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நிற்கவா? நவம்பரில் காண்ட்ராக்ட் முடிகிறது. நடுவில் போனால் இத்தனை வருஷம் உழைத்ததற்குச் சேர வேண்டியது எதுவும் சேராது. காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறேன், மேலே துண்டு கட்டிக்கொள்கிறேன். ஐந்து மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் ஒரேயடியாக வந்துவிடுவேன். உள்ளே கிடப்பதற்கு என்னைத் தெரியும்போது நான் கையாலாகாதவனாக இருக்கக் கூடாது.

கோபப்படாதே. கனமாக எதையும் தூக்காதே.

உன்
துரை

*

ஜூலை 3

என்னங்க,

செப்டம்பரில் பிறக்கிற பிள்ளை நவம்பர் வரைக்கும் அழாமல் வாயை மூடிக்கொண்டு காத்திருக்குமா?

சேர வேண்டியது சேராது என்கிறீர்கள். உங்களுக்குச் சேர வேண்டியது என்ன என்பதில்தான் எனக்கும் உங்களுக்கும் சண்டை. பிள்ளைக்காக என்று சொல்லாதீர்கள். பிள்ளை உங்களை எதுவும் கேட்கவில்லை. நான்தான் கேட்கிறேன். வந்துவிடுங்கள் என்று இதற்குமேல் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

வாயாடி

*

ஆகஸ்ட் 25

வாயாடி,

இதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். பயப்படாதே, கை கால் எல்லாம் இருக்கிறது. தலையில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். சமையல்காரர் பக்கத்தில் இருக்கிறார்.

பெரிய மெஷின்களைக் காற்றழுத்தத்தால்தான் ஸ்டார்ட் செய்வோம் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தக் காற்று வருகிற குழாயில் விரிசல் விட்டிருக்கிறது. வெடிப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் உஸ்ஸென்று சீறியிருக்கிறது. கொட்டகையில் இருந்த எல்லோரும் அதைக் கேட்டு வெளியே ஓடிவிட்டார்கள். என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். சீறல் மெல்லிசான சத்தம். நான் முதுகைக் காட்டிக்கொண்டு மெஷின்மேல் கை வைத்து நின்றிருந்தேன்.

கன்னத்தில் யாரோ ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது. கீழே கிடந்தேன். வலது காதில் எப்போதும் இருக்கும் அந்த உறுமல் இல்லை. ஜெனரேட்டர் நின்றுவிட்டது என்று நினைத்தேன். ஊர் முழுக்க இருட்டாகிவிடுமே என்று எழுந்து தட்டுத்தடுமாறி ஸ்விட்சுப் பலகைக்கு ஓடினேன். அங்கே முள்ளெல்லாம் சரியாக நின்றது. மேலே பார்த்தேன். பல்புகள் எரிந்துகொண்டிருந்தன. நின்றது மெஷின் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

டாக்டர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். இரண்டு காதும். திரும்பாது.

ஆபீஸில் எல்லாம் தெரிந்துவிட்டது. மறைத்து வேலை பார்த்ததற்காக அனுப்பிவிடுகிறார்கள். எதற்காக இருந்தேனோ அந்தப் பணமும் இல்லை. நீ சொன்னபோதே வந்திருக்க வேண்டும். அதைத் தவிர எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

கட்டைப் பிரித்ததும் கிளம்பிவிடுவேன். டாக்டர் விடாவிட்டாலும் கிளம்புவேன். இரவு பகலாகப் பஸ் மாறி மாறியாவது பிரசவத்துக்குள் வந்து சேர்ந்துவிடுகிறேன். அதுவரை எப்படியாவது பொறுத்துக்கொள்.

உன்
துரை

*

செப்டம்பர் 11

என்னங்க,

பெண் குழந்தை. நேற்று முன்தினம் காலையில் பிறந்தாள். நாள் கொஞ்சம் முந்திவிட்டது. இரண்டு பேரும் நலம்.

உங்கள் கடிதம் வந்த பிறகு நான் யாரோடும் பேசவில்லை. பொத்தான் அக்கா பயந்துபோய் என் வீட்டிலேயே வந்து தங்கிவிட்டார். "என்னைத் திட்டவாவது செய்யேன்டி" என்று கெஞ்சினார். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியாததால் மூடிக்கொண்டிருந்தேன். வலி வந்தபோதுதான் திறந்தேன். கண்ணாடிக்காரர்தான் சித்தப்பாவை ஓட்டிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

அவள் பிறந்ததும் அழுதாள். நர்ஸ் என்னைப் பார்த்து, "என்னம்மா இது, பக்கத்து வார்டுல எல்லாரும் எழுந்துட்டாங்க" என்று சிரித்தார். அந்த அழுகை எப்படி இருந்தது என்று உங்களுக்கு எழுத வேண்டும் என்று நேற்றிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். தொடங்கும்போது திக்கித் திக்கி வந்தது என்று எழுதினேன். பிறகு ஒரே மூச்சாக நீண்டது என்று எழுதினேன். படித்துப் பார்த்தால் யாரோ ஒரு குழந்தை அழுத மாதிரிதான் இருக்கிறது. இவள் அழுத மாதிரி இல்லை. எனக்கு எழுதத் தெரியவில்லை, என்னை மன்னித்துவிடுங்கள்.

கோபம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். இருக்கிறது. எங்கள் இரண்டு பேருக்காகத்தான் அங்கே நின்றீர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிவதால் கோபம் குறையவில்லை, யார்மேல் காட்டுவது என்றுதான் புரியவில்லை. நீங்கள் வந்த பிறகும் கொஞ்ச நாள் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இவளுக்கு உங்கள் நெற்றி. தூங்கும்போது புருவத்தைச் சுருக்குகிறாள். இப்போது விழித்துக்கொண்டாள், பால் கொடுக்க வேண்டும். சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

தலையில் கட்டோடு இரவு பகலாகப் பஸ் மாறி மாறி வரப்போவதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம். அப்படி அலையக் கூடாது. காயம் நன்றாக ஆறட்டும். டாக்டர் போகலாம் என்று சொன்ன பிறகு, உட்கார்ந்துவர இடம் கிடைக்கிற வண்டியாகப் பார்த்து, பகலில் ஏறுங்கள். சீக்கிரம் வாருங்கள், சீக்கிரம் வாருங்கள் என்று உங்களைப் பிடுங்கி எடுத்தவள் நான்தான். இப்போது ஒன்றும் அவசரமில்லை. மெதுவாகவே வாருங்கள்.